மிளகுக்கு ஏன் ஸ்கேன் எடுக்கல

முதல்லயே சொல்லிடறேன், செத்துப்போன எங்க நாய் மிளகுக்கு வைத்தியம் பாத்த டாக்டர் பேரோ கிளினிக் பேரோ இதுல வராது. வாட்ஸப்ல தனியா கேட்டாலும் சொல்ல மாட்டேன். புகார் போயிருக்கு, அதுக்கு ஒரு முடிவு வரட்டும். இப்போதைக்கு எங்கிட்ட இருக்கறது ஒரு பிளட் ரிப்போர்ட்டு, ஒரு ஸ்கேன் படம், ஒரு போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்டு, அப்பறம் ஒரு சந்தேகம். அந்தச் சந்தேகம் ராத்திரி மூணு மணிக்கு நிச்சயமாவே தெரியும், அந்தாளு அலட்சியம்தான் கொன்னுடுச்சுன்னு சத்தியம் பண்ணலாம் போல இருக்கும். விடிஞ்சு காபி குடிக்கறப்ப, இல்ல, யாரா இருந்தாலும் ஏமாந்திருப்பாங்களோன்னு தோணும். ரெண்டுக்கும் நடுவுலதான் இப்ப நான் இருக்கேன்.

மிளகு நாட்டு நாய், பொட்ட, கருப்பு, நெஞ்சுல மட்டும் கொஞ்சம் வெள்ள. ஏற்காட்டுல நாகலூர் போற வழில எஸ்டேட் வீடு எங்களுது, அப்பா அங்க கணக்கு எழுதற ரைட்டரா இருக்காரு. குட்டியா இருக்கறப்ப களத்துல காயப்போட்ட மிளகு மேல போய் படுத்துக்கும், தொரத்தினா உடம்பு முழுக்க மிளகு ஒட்டிக்கிட்டு ஓடும், அதனால அம்மா வெச்ச பேரு. காட்டெருமை வந்தா கொலைக்காது, டூரிஸ்ட் செல்ஃபி எடுக்க கேட்டுக்குள்ள வந்தா மட்டும் கொலைக்கும். வீரம் அவ்ளோதான்.

போன வருஷம் மழைக்கு அப்பறம் அதுக்கு உண்ணிக் காய்ச்சல் வந்துச்சு. எஸ்டேட்டு நாய்ங்களுக்கு இது சகஜம், காபிச் செடிக்குள்ள பொழுதன்னிக்கும் சுத்துதுங்க, உண்ணி ஏறாம என்ன பண்ணும். அப்ப சேலத்துல இதே கிளினிக்லதான் காட்டினோம், இதே டாக்டர்தான் காப்பாத்தினாரு, அதயும் சொல்லணும்ல. பிளேட்லெட் ரொம்ப எறங்கிக் கெடந்ததால கருத்தடை ஆபரேஷன இப்ப பண்ண வேணாம், ஒடம்பு தேறட்டும்னு சொன்னதும் அவருதான். சரின்னு விட்டோம்.

இந்த வருஷம் மே மாசம். கோடை விழா, மலர் கண்காட்சின்னு மலை முழுக்க காரு. மிளகு சாப்பிடாம படுத்தே கெடந்துச்சு, ஆனா தண்ணி மட்டும் குடிச்சுக்கிட்டே இருந்துச்சு, வெளிய வெக்கற அலுமினியக் குண்டான் காலியாகக் காலியாக அம்மா ஊத்திக்கிட்டே இருந்தாங்க, ராத்திரில எழுந்து எழுந்து ஒண்ணுக்குப் போச்சு. மலை மேல கால்நடை மருந்தகம் இருக்கு, ஆனா அங்க மாடு ஆடு கோழிக்கே நேரம் சரியா இருக்கும், ஸ்கேன் கீன்னு வந்துட்டா சேலம்தான். 20 கொண்டை ஊசி வளைவு எறங்கி, மேல வர்ற வண்டிங்க வரிசைல மாட்டி, அடிவாரம் தாண்டி டவுனுக்குப் போய்ச் சேர்றதுக்குள்ள அது ரெண்டு தடவ வண்டிலயே வாந்தி.

கிளினிக்ல கூட்டம். ஒரே டாக்டர், ஒரு கம்பவுண்டர், பெஞ்சு நெறைய லேப்ரடாரும் பெர்சியன் பூனையும். எங்க முறை வந்தப்ப டாக்டர் பழைய சீட்ட பாத்தாரு, "ஏற்காடு எஸ்டேட்டா, போன தடவ டிக் ஃபீவர்ல்ல"ன்னாரு. தண்ணி நெறைய குடிக்குது சார்ன்னு சொன்னேன். "வெயில் காலம்மா, குடிக்கத்தான் செய்யும்"னாரு. ஏற்காட்டுல அன்னைக்கு ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத்தான் எறங்கினோம், அது வேற கதை. ரத்தம் எடுத்தாங்க, மெஷின்ல போட்டாங்க, பிளேட்லெட் கம்மி, அவ்ளோதான், மறுபடி உண்ணிக் காய்ச்சல். ஒரு ஊசி, டாக்சிசைக்ளின் மாத்திரை, ஒரு டானிக்கு, ஒரு வாரம் கழிச்சு வாங்க. வயித்துல கை வெச்சுப் பாத்தாரான்னு கேட்டா, டேபிள் மேல ஏத்தினதே ரத்தம் எடுக்கறதுக்கு மட்டும்தான்.

மாத்திரை குடுத்ததுக்கப்பறம் வாந்தி ஜாஸ்தியாச்சு. ஃபோன் பண்ணா கம்பவுண்டர் எடுத்தாரு, அந்த மாத்திரைக்கு வாந்தி வரும், சோத்தோட சேத்துக் குடுங்கன்னாரு. அவரு சொன்னது பொய்யில்ல, டாக்சிசைக்ளின் வெறும் வயித்துல குடுத்தா வாந்தி வரத்தான் செய்யும், அதான் இதுல கொடுமையே, ஒவ்வொருத்தர் சொன்னதும் தனியா எடுத்துப் பாத்தா சரியாத்தான் இருக்கு. சோறே திங்காத நாய்க்கு எந்தச் சோத்தோட சேத்துக் குடுக்கறது.

ஒரு ராத்திரி வயிறு உப்பலா தெரிஞ்சுது. ஈற எல்லாம் வெளுத்துப்போய், கால நீட்டிட்டு எழுந்திருக்க மாட்டேங்குது. பக்கத்து எஸ்டேட் டிரைவர் அண்ணன எழுப்பி ஜீப்புல எறங்கினோம். பழைய கிளினிக் பூட்டி இருந்துச்சு, நம்பர் ரிங் போய்க்கிட்டே இருந்துச்சு. டவுன்ல இன்னொரு டாக்டர், சின்ன வயசு, ராத்திரி பாப்பாருன்னு டிரைவர் அண்ணனுக்குத் தெரிஞ்ச ஒருத்தர் சொல்லி அங்க போனோம்.

அவரு மிளகத் தொடறதுக்கு முன்னாடியே ஒண்ணு கேட்டாரு. "கடைசியா எப்ப ஹீட்டுக்கு வந்துச்சு?"

ஹீட்டுன்னா பொட்ட நாய் இணை சேர்ற பருவம். மார்ச் கடைசில சார்ன்னேன். அவரு மொகம் மாறினத இப்பவும் நெனச்சா வயித்தப் பெசயுது. ஒடனே ஸ்கேன். கர்ப்பப்பை முழுக்க சீழ். பயோமெட்ராம்மா, க்ளோஸ்டு டைப்புன்னாரு.

இத பொட்ட நாய் வளக்கறவங்க தெரிஞ்சுக்கணும்ங்கறதாலதான் கொஞ்சம் விவரமா எழுதறேன். கருத்தடை பண்ணாத பொட்டை நாய்க்கு ஹீட் முடிஞ்சு ஒரு மாசம் ரெண்டு மாசத்துக்குள்ள வரக்கூடியது இது, வயசு ஏற ஏற ஜாஸ்தி வரும். ஹீட் முடிஞ்சதும் சுரக்கற ப்ரோஜெஸ்டிரான்ங்கற ஹார்மோன் கர்ப்பப்பையோட உள்சுவர தடிக்க வெக்கும், அதுல கிருமி பூந்துட்டா, பெரும்பாலும் ஈ கோலி, சீழ் கட்டிடும். கர்ப்பப்பை வாய் தொறந்திருந்தா சீழ் வெளிய வடியும், நாம பாத்துடலாம், வாடையே காட்டிக்குடுத்துடும். மூடியிருந்தா வெளிய ஒண்ணுமே தெரியாது, உள்ளயே ரொம்பி ரொம்பி, ஒண்ணு விஷம் ரத்தத்துல ஏறும், இல்ல பை கிழியும். அந்தக் கிருமியோட விஷம் கிட்னிய போய் பாதிக்கறதால தண்ணியப் புடிச்சு வெக்க முடியாம ஒண்ணுக்கு நெறைய போகும், அதனாலதான் அவ்ளோ தாகம். அம்மா ஊத்தி ஊத்தி வெச்ச தண்ணி. வெயில் இல்ல. வைத்தியம்னு பாத்தா பெரும்பாலும் ஆபரேஷன்தான், கர்ப்பப்பைய எடுத்துடணும், நேரத்துக்குப் பண்ணா நெறைய நாய் பொழச்சுக்குது.

ட்ரிப்ஸ் ஏத்தினாரு, ஊசி போட்டாரு, பிரஷர் கொஞ்சம் ஏறட்டும் விடியக்காலைல தியேட்டர்க்கு எடுத்துக்கலாம், இப்ப மயக்க மருந்து குடுத்தா தாங்காதுன்னாரு. விடியறதுக்கு முன்னாடியே போயிடுச்சு. அத பத்தி எழுதப் போறதில்ல.

நான் அழுதுக்கிட்டு இருக்கறப்பவே அந்த டாக்டர் தயங்கித் தயங்கி கேட்டாரு, போஸ்ட்மார்ட்டம் பண்ணிக்கறீங்களா, உங்களுக்குப் பின்னாடி எதாவது கேள்வி வரும்னா இப்பவே பண்ணிடறது நல்லது, பொதச்சுட்டா அப்பறம் ஒண்ணும் பண்ண முடியாதுன்னு. முன்னாடி பாத்த டாக்டரப் பத்தி அவரு ஒரு வார்த்தை தப்பா சொல்லல. அவரு சொல்லாம விட்டதுலதான் எனக்குக் கொஞ்சம் புரிஞ்சுது. அப்பா வேணாம்னாரு. செத்ததையும் அறுக்கணுமான்னாரு. அம்மாதான், வழக்கமா எதுக்கும் வாய் தொறக்காத அம்மா, "எதுக்குச் செத்துச்சுன்னு எனக்குத் தெரியணும்"னு ஒரே வார்த்தை.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரில பண்ணுவாங்க, சேலத்துலேந்து ஒரு மணி நேரம் சொச்சம். தெரிஞ்சுக்கோங்க, ஃப்ரீசர்ல வெக்கக் கூடாதாம், ஒறஞ்சு போச்சுன்னா உள்ள இருக்கற திசு எல்லாம் கெட்டுடும், சுத்தி ஐஸ் வெச்சு சீக்கிரமா கொண்டு போகணும். மே மாசம், சேலம் வெயிலு. மீன் கடைல ஐஸ் வாங்கி, யூரியா சாக்கப் பிரிச்சு அடில விரிச்சு, அம்மா பழைய புடவையால சுத்தி, அந்த நாமக்கல் ரோட்டுல வெயில் ஏறறதுக்குள்ள போயிடணும்னு டிரைவர் அண்ணன் ஓட்டின ஓட்டத்த மறக்க மாட்டேன், காசு குடுத்தா வாங்கல, டீசலுக்கு மட்டும் போடுன்னாரு.

அங்க படிக்கற புள்ளைங்க சுத்தி நின்னாங்க. பாடம் படிக்கத்தான் நிக்கறாங்கன்னு எனக்குத் தெரியும், முதல்ல கோவமா வந்துச்சு. ஒரு பொண்ணு எங்கிட்ட வந்து "அக்கா பேரு என்ன"ன்னு கேட்டா. என் பேரச் சொன்னேன். "இல்லக்கா, அதோட பேரு"ன்னா. ஃபாரத்துல பேருக்குக் கட்டம் எதுவும் இல்ல, ஓரமா எழுதிக்கிட்டா. அந்தப் பொண்ணு நாளைக்கு எந்த ஊர்ல டாக்டரா ஒக்காந்தாலும் பொட்ட நாய் வந்தா ஹீட் எப்பன்னு கேக்காம விடமாட்டா, அது நிச்சயம். ரிப்போர்ட்டு அப்பறம் வந்துச்சு, கர்ப்பப்பைல சீழ், ஒரு எடத்துல கிழிசல், வயித்துக்குள்ள பரவியிருக்கு. அங்கயே பொதச்சுடலாமான்னு கேட்டாங்க. கொண்டு வந்துட்டோம். மேனேஜர்கிட்ட கேட்டு எஸ்டேட்டுலயே வேலி ஓரமா பொதச்சோம்.

அதுக்கப்பறம் ஆறுதல் சொல்ல வந்தவங்க கத. ஒரு பக்கம் "நாய்தானே, இன்னொண்ணு வாங்கிக்க" கட்சி. இன்னொரு பக்கம் "எல்லாம் விதி, அது உனக்கு வர வேண்டியத வாங்கிட்டுப் போச்சு" கட்சி, இவங்கள நான் சுத்தமா ஏத்துக்கல, ஏன்னா விதிமேல போட்டா ஸ்கேன் எடுக்காததும் விதிதான்னு ஆயிடும். மூணாவதா சித்தப்பா பையன், இப்பவே கூகுள்ல ஒத்த ஸ்டார் போடறேன், பத்து ஐடிலேந்து போடறேன், கடைய மூடிடலாம்னு குதிச்சான். வேணாம்னுட்டேன். எங்க ரிப்போர்ட்டோட நிக்கற புகாருக்கு இருக்கற மதிப்பு இந்தக் கும்பல் ஸ்டாருக்குக் கெடையாது, அதோட மலைலேந்து எறங்கி அங்க ஓடற நாலு பேருக்கு நாளைக்கு என்ன வழி. எல்லார விடவும் எனக்கு ஆறுதலா இருந்தது காபி பறிக்க வர்ற மலையாளி பாட்டிதான், கேரளா மலையாளி இல்ல, எங்க சேர்வராயன் மலைக்காரங்க, ஆறுதலே சொல்லல, அந்த டாக்டர அஞ்சு நிமிஷம் நிறுத்தாம திட்டுச்சு, அந்த வார்த்தைங்கள இங்க எழுத முடியாது, நான் செத்துப்போன நாய்க்காக அழுதுக்கிட்டே சிரிச்சேன்.

ஹீட் பத்தி நீதான் முதல்லயே சொல்லியிருக்கணும்னும் சில பேர் சொன்னாங்க. வக்கீல்கிட்ட போனா என்ன நடந்துச்சுன்னு அவரு கேப்பாரு, மெக்கானிக்கிட்ட போனா எப்பலேந்து சத்தம் வருதுன்னு கேப்பாரு. கேக்கறதுக்குத்தான் ஃபீஸ். இதுக்கு மேல இதுல எனக்குப் பேச்சு இல்ல.

ஆனா ராத்திரி தூக்கம் போச்சு. ஃபோன்ல பயோமெட்ரா பயோமெட்ரான்னு தேடித் தேடிப் படிச்சேன், இங்கிலீஷ்ல இருக்கற கேஸ் ரிப்போர்ட் எல்லாம், பாதி புரியாது, புரிஞ்ச வரைக்கும் நோட்டுல எழுதி வெப்பேன். படிக்கற வரைக்கும் அழுகை வராது, அதனாலயே படிச்சேன்னு இப்ப தோணுது. துக்கம் காத்துக்கிட்டு இருந்துச்சு, நான் கேஸ் கட்டிக்கிட்டு இருந்தேன். மிளகு உயிரோட இருந்த மாதிரி ஒரு நாள்கூட ஞாபகத்துக்கு வரமாட்டேங்குது, அந்தக் கிளினிக் டேபிளும் ஸ்கேன் படமும்தான் திரும்பத் திரும்ப. அந்த டாக்டர் என் நாயோட ஞாபகத்தையும் சேத்து எடுத்துக்கிட்ட மாதிரி இருந்துச்சு, அதுதான் தாங்கல.

பழைய கிளினிக்குப் போய் ரிப்போர்ட் கேட்டேன். கம்பவுண்டர் இழுத்தடிச்சாரு, அப்பறம் வாட்ஸப்ல அனுப்பினாரு. பிளேட்லெட் 90,000, நாய்க்கு ரெண்டு லட்சத்துக்கு மேல இருக்கணும், கம்மிதான். ஆனா அதே பேப்பர்ல மேல, கிருமியோட சண்ட போடற வெள்ளணு 52,000. நாய்க்குச் சுமாரா 6,000லேந்து 17,000 வரைக்கும்தான் இருக்கும். பக்கத்துலயே ஹெச்சுன்னு பிரிண்ட் ஆகியிருக்கு, ஜாஸ்தின்னு அர்த்தம், மெஷினே சொல்லுது. ரெண்டாவது டாக்டர்கிட்ட காட்டினப்ப அவரு நியாயமா பேசினாரு, ரத்தத்துல விஷம் ஏறினாலும் பிளேட்லெட் எறங்கும், ஏற்கனவே உண்ணிக் காய்ச்சல் வந்த எஸ்டேட் நாய், அந்த யோசனை வர்றது சகஜம், ஆனா இந்த வெள்ளணுவ பாத்ததும் வேற எங்கயோ சீழ் இருக்கான்னு தேடியிருக்கணும், ஸ்கேன் எடுத்திருந்தா தெரிஞ்சிருக்கும்னாரு. அன்னைக்கே ஆபரேஷன் பண்ணியிருந்தா பொழச்சிருக்குமான்னு கேட்டேன். வாய்ப்பு நல்லாவே இருந்திருக்கும், உறுதியா சொல்ல முடியாதுன்னாரு. இந்த "உறுதியா சொல்ல முடியாது"தான் மூணு மணிக்கு என்ன எழுப்புது.

அப்பறம் அந்த டாக்டரயே நேரா பாத்தேன். கூட்டம் முடியற வரைக்கும் பெஞ்சுல ஒக்காந்திருந்தேன். பேப்பர டேபிள்ல வெச்சு வெள்ளணுவ காட்டினேன். கொஞ்ச நேரம் பேசல. "பிளேட்லெட்டதான் பாத்தேன்மா"ன்னாரு. அந்த ஒரு நொடி, உண்மையாவே சொல்றேன், எல்லாத்தையும் விட்டுடலாம்னு இருந்துச்சு, மன்னிச்சுக்கம்மான்னு இன்னும் ஒரு வார்த்தை வந்திருந்தா பேப்பர மடிச்சு வெச்சுட்டு வந்திருப்பேன். ஆனா ஒடனே சுதாரிச்சுக்கிட்டாரு, "சீரியஸ்னு தெரிஞ்சா நீங்க முன்னாடியே கொண்டு வந்திருக்கணும், மலைல இருந்துக்கிட்டு ஃபோன்ல கேட்டா"ன்னு ஆரம்பிச்சாரு. எழுந்து வந்துட்டேன்.

சேலம் கோர்ட்டுல குமாஸ்தாவா இருக்கற மாமாதான் வழி சொன்னாரு. ரெண்டு எடம் இருக்கு. ஒண்ணு சென்னைல இருக்கற தமிழ்நாடு மாநில கால்நடை மருத்துவ மன்றம், டாக்டருங்க பதிவு, தொழில் ஒழுங்கு எல்லாம் அவங்ககிட்ட, 1984ல வந்த இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டப்படி. அங்க நஷ்ட ஈடு கெடைக்காது, ஒழுங்கு நடவடிக்கை இருக்கலாம். இன்னொண்ணு மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2019 சட்டம், நாம காசு குடுத்து வைத்தியம் பாத்தோம்ல அதனால அது சேவை, சம்பவம் நடந்து 2 வருஷத்துக்குள்ள போடணும், நாம குடுத்த காசு 5 லட்சத்துக்குள்ளன்னா மனு கட்டணம் கெடையாது, வக்கீல் இல்லாம நாமளே வாதாடலாம். இலவசமா பாக்கற கவர்மெண்ட் ஆஸ்பத்திரின்னா இந்த வழி கஷ்டம். பில்லு, சீட்டு, ரிப்போர்ட்டு எல்லாம் வேணும், இன்னொரு டாக்டரோட எழுத்து வேணும். அதனால, கிளினிக்ல பில்லு கேட்டு வாங்குங்க, வெத்துத் தாள்ல கிறுக்கிக் குடுத்தா தேதியோட எழுதச் சொல்லுங்க, ரிப்போர்ட்ட அன்னைக்கே ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கோங்க, சண்ட போடறதுக்கு இல்ல, ராத்திரி வேற டாக்டர்கிட்ட ஓடறப்பவே அது உதவும்.

மாமா இன்னொண்ணும் சொன்னாரு. "கண்ணு, சட்டத்துல நாய் ஒரு சொத்து, ஆட்டுக்கு வெல இருக்கு, லேப்ரடாருக்கு வெல இருக்கு, எதிர் வக்கீல் நாட்டு நாய்க்கு என்ன வெலன்னு கேப்பான், நீ அங்க அழக்கூடாது." அன்னைக்கே அழுதுட்டேன்.

யோசிச்சுப் பாத்ததுல எனக்குக் காசு வேணாம். அந்தாளு கடைய மூடவும் வேணாம். ரிப்போர்ட்ல மேல இருந்த நம்பர ஏன் பாக்கல, பாத்தும் ஏன் ஸ்கேன் எடுக்கலன்னு அவரு எழுத்துல ஒருத்தருக்குப் பதில் சொல்லணும், அது போதும். அதனால மன்றத்துக்கு மட்டும் எழுதினேன். திட்டு ஒண்ணும் இல்லாம, தேதி வாரியா, ரிப்போர்ட் நகலோட. "அப்பாவி ஜீவன்"னு ஒரு எடத்துல எழுதியிருந்தேன், மாமா அடிச்சுட்டாரு. ஸ்பீட் போஸ்ட்ல போட்டாச்சு, போய்ச் சேந்துடுச்சுன்னு ஆன்லைன்ல காட்டுது, பதில் இன்னும் வரல. நுகர்வோர் ஆணையத்துக்கு டைம் இருக்குல்ல, டைம் இருக்குல்லன்னு மாமா மட்டும் ஞாயித்துக்கெழமையானா ஃபோன் பண்ணிடறாரு, அவருக்கு நான் கேஸ் போட்டே ஆகணும்.

கடிதம் போனதுக்கப்பறம்தான் கொஞ்சம் கொஞ்சமா மிளகே ஞாபகம் வர ஆரம்பிச்சுது. பலாப்பழம் வெட்டினா கொட்டைய நக்கறது, இடி இடிச்சா அப்பா கட்டிலுக்கடில பூந்துக்கறது, அப்பா காலால தள்ளித் தள்ளி விட்டுட்டு லைட்ட அணைச்சதும் கைய கீழ தொங்கப் போட்டுக்கறது. அப்பா இது வரைக்கும் அதப் பத்தி ஒண்ணும் பேசல. அம்மா இன்னும் சோறு ஒரு கை கூடத்தான் வெக்கறாங்க, கேட்டா கோழிக்குன்னு சொல்றாங்க. குட்டி ஒண்ணு தர்றேன்னு செம்மடுவுலேந்து ஒருத்தர் ரெண்டு மூணு தடவ சொல்லிட்டாரு. இப்ப வேணாம்.

நான் இப்ப ஊர்ல பொட்ட நாய் வெச்சிருக்கற எல்லாருக்கும் தொல்லை. ஹீட் எப்ப, தண்ணி எவ்ளோ குடிக்குது, ஆபரேஷன் பண்ணிட்டியான்னு பாக்கறவங்களெல்லாம் கேக்கறேன். ஒண்டிக்கடைல டீக்கடை வெச்சிருக்கற தோழி, அவ நாய் ரெண்டு நாளா தண்ணியா குடிக்குதுன்னு பேச்சுவாக்குல சொல்லிட்டா, அவ்ளோதான், கடைய மூட வெச்சு, அந்த ராத்திரி டாக்டர்கிட்டயே எறக்கி ஸ்கேன் எடுக்க வெச்சேன். கர்ப்பப்பை சுத்தமா இருந்துச்சு. கடைல மிஞ்சின உப்புக்கருவாட்டுக் கொழம்ப திருட்டுத்தனமா தின்னுட்டு தண்ணி குடிச்சிருக்கு. ஸ்கேன் காசு, பெட்ரோல் காசு, ஒரு நாள் யாவாரம் எல்லாம் போச்சுன்னு அவ இன்னும் என்னத் திட்டிக்கிட்டு இருக்கா, ஆனா அடுத்த மாசம் கருத்தடை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிட்டா.